யன்னலில் வழியும் நீர்: கரவனில் ஒரு குளிர்கால இரவு

ஐரோப்பியக் குளிர்காலத்தில் கரவன் எனப்படும் வண்டிவீட்டில் இரவைக் கழித்தவர்கள் இக்காட்சியை அறிவர். காலையில் யன்னல் கண்ணாடியில் நீர் வழியும். மெத்தையின் அடிப்புறம் நனைந்திருக்கும். சில வாரங்களில் மூலைகளில் கரும்பூஞ்சணம் படரும். கூரை ஒழுகுகின்றதோ என ஐயுறுவோரும் உளர். பெரும்பாலும் அந்நீர் வண்டிக்குள்ளேயே பிறந்தது.

உறங்கும் ஒருவரின் மூச்சும் வியர்வையும் மணிக்கு ஏறத்தாழ 40 கிராம் நீராவியை வெளிவிடுகின்றன. நால்வர் எட்டு மணிநேரம் உறங்கினால் அது ஒரு லீற்றரைத் தாண்டும். சமையலும் ஈர உடுப்புகளும் இதனோடு சேர்கின்றன. 20 பாகைச் சூட்டில் ஒரு கனமீற்றர் காற்று ஏறத்தாழ 17 கிராம் நீராவியைத் தாங்கும். 0 பாகையிலோ 5 கிராம் அளவே தாங்கும். ஆகவே சூடான காற்று குளிர்ந்த கண்ணாடியைத் தொட்டதும் மிகுதி நீராகிவிடுகின்றது.

இந்நிலையில் காஸ் அடுப்பை எரித்துக் குளிர்காய்வது இரட்டைக் கேடாகும். ஒரு கிலோ புறொப்பேன் எரிந்தால் ஏறத்தாழ 1.6 கிலோ நீர் உண்டாகும். அதனினும் கொடியது, காற்றோட்டம் குறைந்த இடத்தில் உருவாகும் காபனோரொட்சைட்டு. நிறமும் மணமும் அற்ற இந்நச்சுவாயு உறக்கத்திலேயே உயிரைப் பறிக்கும். தலைவலி, குமட்டல், மயக்கம் தோன்றினால் உடனே அனைவரும் வெளியேற வேண்டும்.

எனவே, எரிவாயுப் புகையைக் குழாய்வழியே வெளியேற்றும் சூடாக்கியையே பயன்படுத்துங்கள். அதனை இரவில் அடியோடு நிறுத்தாது மிதமாக ஓடவிடுங்கள், சுவர்கள் குளிராதிருக்கும். குளிர் புகுமென அஞ்சித் தரையிலுள்ள காற்றுத் துளைகளைத் துணியால் அடைக்காதீர்கள். கூரைத் திறப்பைச் சிறிது திறந்தே வையுங்கள். காபனோரொட்சைட்டு எச்சரிக்கைக் கருவியொன்றையும் பொருத்துங்கள்.

மழைநாளில் யன்னலைத் திறந்தால் ஈரம் கூடாதா எனச் சிலர் வினவுவர். கூடாது. வெளியிலுள்ள 0 பாகைக் காற்று உள்ளே வந்து 20 பாகைக்குச் சூடேறும்போது, அதன் ஈரப்பதம் 30 வீதத்திற்கும் கீழாகின்றது. காலையில் ஐந்து நிமிடம் யன்னல்களை அகலத் திறப்பது பெரும்பயன் தரும்.

பானைகளை மூடிச் சமையுங்கள். ஈர உடுப்புகளை உள்ளே உலர்த்தாதீர்கள். மெத்தையின் கீழ்க் காற்றுச் செல்ல இடைவெளி விடுங்கள். கண்ணாடியில் வழியும் நீரைத் துடைத்து, அத்துணியை வெளியே பிழியுங்கள்.

ஒற்றை அறையில் குடும்பமாக வாழும் எம்மவர்க்கும் இவை பொருந்தும். பூஞ்சணம் குழந்தைகளின் இழுப்பு நோயை வளர்க்கும். குளிர்நாட்டில் சூடு எவ்வளவு தேவையோ, அவ்வளவு தேவை நல்ல காற்று.