ஆறாவது பல்

போன மாதம் செம்பட்டியில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். ஒன்றாம் வகுப்புப் படிக்கிற மகள் கையைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள். "சித்தப்பா, விழுந்திருச்சு!" விரித்த உள்ளங்கையில் பச்சரிசி மாதிரி ஒரு பல். அடிப்பக்கம் குழிந்து, ஓரத்தில் துளி ரத்தம்.

அதைத் தலையணைக்கு அடியில் வைக்க வேண்டும் என்றாள். ராத்திரி பல் தேவதை வந்து எடுத்துக்கொண்டு காசு வைக்குமாம், பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருக்கிறதாம். என் அம்மா, அவளுடைய அப்பத்தா, விடவில்லை. "தலகாணிக்கடியில வச்சா பல்லு எப்படி ஆத்தா மொளைக்கும்? சாணிய உருட்டு, கூரையில எறிவோம்."

சாணிக்கு எங்கே போவது? மாட்டை விற்று வருஷங்களாகிவிட்டன. ஓட்டு வீடும் தளம் போட்ட வீடாகிவிட்டது. கடைசியில் பின்தெருவில் மாடும் ஓட்டுத் தொழுவமும் இருக்கிற ஒரு வீட்டுக்குப் போனோம். சாணி உருண்டைக்குள் பல்லைப் புதைத்து அவள் எறிந்தது ஓட்டில் சப்பென்று ஒட்டிக்கொண்டது. "வானத்தப் பாத்து இளிச்சிராத, பல்லு மொளைக்காது" என்று அப்பத்தா சொன்னதற்காக, வீடு வரும்வரை உதட்டை இறுக்கிக்கொண்டே நடந்தாள்.

உலகம் முழுக்க இந்தச் சடங்கு ஏதோ ஓர் உருவில் இருக்கிறது. ஜப்பானில் கீழ்வரிசைப் பல் கூரைக்கு, மேல்வரிசைப் பல் வீட்டுக்கு அடியில். இலங்கையில் அணிலைக் கூப்பிட்டுப் பழைய பல்லைக் கொடுத்துப் புதுப்பல் கேட்பார்கள். ஸ்பெயினில் பல் விழுந்த எட்டு வயது அரசன் பதின்மூன்றாம் அல்ஃபோன்சோவுக்காக லூயிஸ் கொலோமா 1894-ல் பெரெஸ் என்ற எலியின் கதையை எழுதினார். அமெரிக்கப் பல் தேவதை இவர்களுக்கெல்லாம் இளையவள். 1908-ல்தான் சிகாகோ நாளிதழ் ஒன்றில் அச்சேறினாள். அவள் விழுந்த பல்லை விலைக்கு வாங்கிப் போகிறாள், நம் கூரையிடம் பிள்ளைகள் வரப்போகும் பல்லைக் கேட்கிறார்கள். எனக்கு அப்பத்தா பக்கம்தான் நியாயம் தெரிகிறது.

ஆனால் கூரையிடம் கேட்கிற அந்தப் பல் ஏற்கெனவே ஈறுக்குள் இருக்கிறது. பால்பல்லின் வேரைக் கரைத்துக்கொண்டு அதுதான் மேலே வருகிறது. குழந்தை கையிலிருக்கும் பல்லுக்கு வேர் இல்லாதது அதனால்தான். முன்பற்களின் எனாமல் கைக்குழந்தைப் பருவத்திலேயே உருவாகத் தொடங்கிவிடும். அந்த வருஷங்களில் குடிக்கிற தண்ணீரில் ஃபுளோரைடு அதிகமிருந்தால், முளைக்கும்போதே பல் வெள்ளைத் திட்டோ பழுப்புக் கோடோ விழுந்து வரும். செம்பட்டிக்குப் பக்கத்திலிருக்கும் நிலக்கோட்டை வட்டாரத்தில் இந்தக் கறை ஆய்வுகளில் பதிவானது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. எவ்வளவு பல் தேய்த்தாலும் இந்தக் கறை போகாது. பிள்ளை அழுக்கு என்று கேலி பேசுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

என்னை அதிகம் உறுத்துவது இன்னொன்று. பால்பற்கள் 20. அவற்றில் முதல் பல் விழுகிற அதே ஆறு வயதில், கடைவாயின் கோடியில், எந்தப் பல்லும் விழாமலே ஒரு பெரிய பல் முளைக்கிறது. அது நிரந்தரப் பல். ஆடுவதில்லை, விழுவதில்லை என்பதால் வீட்டில் யாரும் கவனிப்பதில்லை. அதில் மிட்டாய் ஒட்டிச் சொத்தை விழுந்தால், "பால்பல்லுதானே, விழுந்துரும்" என்று விட்டுவிடுகிறோம். போனால் அந்த இடத்தில் வேறு பல் முளைக்காது. சொத்தையான பால் கடைவாய்ப் பல்லையும் அப்படி விடக்கூடாது. அது காலத்துக்கு முன்பே போனால் பக்கத்துப் பல் சாய்ந்து, கீழிருந்து வரும் பல்லுக்கு இடமில்லாமல் போகும்.

அன்று ராத்திரி அவளை வாயைத் திறக்கச் சொல்லி, செல்போன் வெளிச்சத்தில் பார்த்தேன். கீழ்வரிசையில் இடது கோடியில் ஈறைக் கிழித்துக்கொண்டு வெள்ளையாக ஒரு முனை. அப்பத்தாவுக்கும் காட்டினேன்.

உங்கள் வீட்டில் ஆறேழு வயதுப் பிள்ளை இருந்தால், இன்று ராத்திரி தூங்கும் முன் வாயைத் திறக்கச் சொல்லுங்கள். நடுவிலிருந்து ஒரு பக்கமாக எண்ணுங்கள், விழுந்த பல்லின் இடத்தையும் சேர்த்து. ஐந்து வரை பால்பல்லின் வரிசை. ஆறாவதைப் பிரஷ் எட்டும்படி நீங்களே தேய்த்துவிடுங்கள்.