பயிற்சியாளரா, ஆள்சேர்ப்பாளரா? அமெரிக்க விமானப்படையில் எது கஷ்டம்?

அமெரிக்க விமானப்படையில் மெக்கானிக், காவல் போன்ற பணிகளில் சில ஆண்டுகள் இருந்தவர்கள், கொஞ்ச காலம் ‘சிறப்புப் பணி’க்குப் போகலாம். இதில் அதிகம் குழப்புவது இந்த இரண்டும்தான். இரண்டுக்குமே கூடுதல் படி உண்டு. அப்புறம் என்ன வித்தியாசம்?

பயிற்சியாளர்:

டெக்சாஸின் சான் அன்டோனியோவில் உள்ள லாக்லேண்ட் தளத்தில்தான் புதியவர்களுக்கு ஏழரை வார அடிப்படைப் பயிற்சி. அகலத் தொப்பி போட்டு அதட்டுவது மட்டும் வேலை இல்லை. படுக்கை விரிப்பதில் இருந்து அணிவகுப்பு வரை சொல்லித் தரணும். விடியும் முன்பே டியூட்டி தொடங்கிவிடும். 2012-ல் இங்கு பாலியல் அத்துமீறல் விவகாரம் வெடித்த பிறகு, பயிற்சியாளர்கள் மீதான கண்காணிப்பும் இறுகியது. ஆனால் உழைப்பின் பலன், பயிற்சி முடியும் நாளிலேயே கண்ணுக்குத் தெரியும்.

ஆள்சேர்ப்பாளர்:

வேலை பெரும்பாலும் ஊருக்குள். பள்ளி, கல்லூரி என அலைந்து இளைஞர்களிடமும் பெற்றோரிடமும் பேசணும். தளம் தொலைவில் இருந்தால், ராணுவக் குடியிருப்பு, மருத்துவமனை வசதிகள் குடும்பத்துக்குப் பக்கத்தில் கிடைக்காது. தலைக்கு மேல் இலக்கு வேறு! 2023 நிதியாண்டில், 1999-க்குப் பிறகு முதல்முறையாக விமானப்படை தன் ஆள்சேர்ப்பு இலக்கைத் தவறவிட்டது. அந்த அழுத்தம் கடைசியில் இறங்குவது இவர்கள் மேல்தான்.

எதைத் தேர்வு செய்வது?

தூக்கம் போனாலும் பரவாயில்லை, ஆட்களை உருவாக்கணும் என்பவருக்குப் பயிற்சியாளர் பணி. ‘வேண்டாம்’ என்ற பதிலைத் தினமும் கேட்டும் சோராதவருக்கு ஆள்சேர்ப்பு. எதுவானாலும் சொந்தத் தொழிலில் கை பழக்கம் விட்டுப்போகும். திரும்பும்போது மறுபடி கற்கணும். அதனால் கையெழுத்துக்கு முன் வீட்டில் பேசிவிடுவது நல்லது.