போர்வை ஓரத்துக்குக் கிராஸ் பட்டி: ஒரு மீட்டரில் எவ்வளவு கிடைக்கும்?

மளிகையோடு நூல், ஊசி, பட்டன், நாடா ஆகியவற்றையும் வைத்து விற்கும் அங்கத்தினர்கள் நம்மிடையே பலர் உண்டு. பஞ்சு வைத்துத் தைத்த குயில்ட் போர்வைகளையும் குழந்தை மெத்தைகளையும் விற்போரும் இருக்கிறார்கள். இப்போர்வைகளில் முதலில் நைந்து போவது ஓரம்தான். ஓரம் பிரிந்தால் பஞ்சு வெளியே வரும்; வாடிக்கையாளர் போர்வையைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வருவார். ஆகவே ஓரத்தில் வைத்துத் தைக்கும் பட்டியைப் பற்றி வியாபாரி தெரிந்து வைத்திருப்பது நல்லது.

துணியில் பாவு நூல் நீளவாட்டிலும் ஊடை நூல் குறுக்காகவும் ஓடுகின்றன. நூலோட்டத்துக்கு நேராக வெட்டிய பட்டியை மடித்தால், மடிப்பு முழுவதும் ஓரிரு நூல்களின் மேலேயே விழும். அவை தேய்ந்து அறுந்தால் ஓரம் நீளவாக்கில் வாய் பிளந்துவிடும். 45 பாகை சாய்வில் வெட்டிய கிராஸ் பட்டியிலோ, பல நூல்கள் மடிப்பைக் குறுக்கே கடக்கின்றன. ஒன்று அறுந்தாலும் கிழிசல் சுலபத்தில் நீளாது. மேலும், இழுத்தால் நெகிழும் தன்மை இருப்பதால் வளைவில் சுருக்கமின்றிப் படியும். நான்கு பக்கமும் நேரான போர்வைக்கு நேர்ப்பட்டியும் வைக்கலாம். ஓரம் வளைவாக இருந்தால் கிராஸ் பட்டியே வேண்டும்.

துணிக் கணக்கு

துணியின் பரப்பளவைப் பட்டியின் அகலத்தால் வகுத்தால் பட்டியின் நீளம் கிடைக்கும். 100 செ.மீ. சதுரத் துணியின் பரப்பு 10,000 சதுர செ.மீ. பட்டி அகலம் 5 செ.மீ. என்றால் 20 மீட்டர். இணைப்புத் தையலுக்குக் கழித்தால் சுமார் 19 மீட்டர் கைக்கு வரும்.

150க்கு 225 செ.மீ. அளவுள்ள போர்வையின் சுற்றளவு 750 செ.மீ. மூலைகளுக்கும் முடிப்புக்கும் 30 செ.மீ. சேர்த்தால் 7.80 மீட்டர் தேவை. எனவே மேற்படி துணியில் இரண்டு போர்வைகளை முடித்து 3 மீட்டருக்கு மேல் மிஞ்சும். விற்காமல் கிடக்கும் 65 செ.மீ. சதுரத் துண்டு ஒரு போர்வைக்குப் போதும்.

வெட்டும் முறை

சதுரத்தை மூலைக்கு மூலை வெட்டி, இரு முக்கோணங்களையும் நேர்ப்பக்கத்தில் சேர்த்துத் தைத்தால் இணைகரம் வரும். சாய்வாக வெட்டிய ஓரத்துக்கு இணையாக 5 செ.மீ.க்கு ஒரு கோடு போட வேண்டும். எஞ்சிய நேர்ப்பக்கங்கள் இரண்டையும் ஒரு கோடு தள்ளிப் பொருத்திக் குழாய்போலத் தைக்க வேண்டும். பிறகு கோட்டின் மேலேயே கத்தரித்துப் போனால் ஒரே நீளப் பட்டியாக வந்துவிடும். இரு ஓரங்களையும் நடுவை நோக்கி மடித்து, மீண்டும் பாதியாக மடித்தால் அகலம் 1.25 செ.மீ. இஸ்திரிப் பெட்டியை இழுத்துத் தேய்த்தால் பட்டி நீண்டுவிடும். அழுத்தி எடுக்க வேண்டும்.

கொள்முதல் செய்வோருக்கு

ரெடிமேட் பட்டிச் சுருள் வாங்கும்போது ஒரு முழம் பிரித்து இழுத்துப் பாருங்கள். நெகிழ்ந்து கொடுத்தால் கிராஸ். விறைப்பாக நின்றால் நேர்ப்பட்டி. நூலோட்டம் சாய்வாகத் தெரிகிறதா என்றும் கவனியுங்கள். சிவப்பு, கருநீலம் போன்ற நிறங்களை நனைத்து வெள்ளைத் துணியில் ஒற்றிப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அந்தச் சரக்கு வேண்டாம். பட்டிக்குக் கொடுக்கும் காசு சொற்பம். அது சாயம் விட்டால் கெடுவது முழுப் போர்வையும், கடையின் பெயரும்.