எட்டு ஆண்டு சண்டை. எல்லை பழைய எல்லை!

ஈராக்குக்கும் ஈரானுக்கும் நடுவே ஓர் ஆறு. பெயர் ஷாட்-அல்-அராப். ஈரானியர் அதை "அர்வந்து" என்பார்கள். பெயரிலேயே தகராறு!

ஆற்றில் கப்பல் போகும் ஆழமான பகுதியின் நடுக்கோடே எல்லை என்று, 1975-ல் அல்ஜீயர்ஸ் நகரில் உடன்பாடு ஆயிற்று. ஈரான் மன்னர் ஷாவுடன் அதைப் பேசி முடித்தவர், ஈராக்கின் சதாம் உசேன்.

1979-ல் ஈரானில் புரட்சி நடந்தது. ஷா ஓடிப்போனார். ராணுவம் சீர்குலைந்து கிடந்தது.

"இதுதான் சமயம்" என்று சதாம் கணக்குப் போட்டார். 1980 செப்டம்பர் 17-ந்தேதி உடன்பாட்டை ரத்து செய்தார். 22-ந்தேதி அவருடைய படை ஈரானுக்குள் புகுந்தது. கொரம்ஷார் துறைமுகம் விழுந்தது.

1982 மே மாதம் ஈரான் அதை மீட்டுவிட்டது. ஈராக் சமாதானத்துக்கு வந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். ஈரான் தலைவர் கோமேனி விடவில்லை. சதாம் ஒழியவேண்டும் என்றார்.

இப்போது ஈரான் படை ஈராக்குக்குள் நுழைந்தது. பஸ்ரா நகரைப் பிடிக்கப் பலமுறை முயன்றது, முடியவில்லை. பள்ளிச் சிறுவர்கள்கூடப் போர்முனைக்குப் போனார்கள். ஈராக் விஷவாயு வீசியது. எந்த ஆற்றுக்காகச் சண்டையோ, அந்த ஆற்றில் கப்பல் போக்குவரத்தே நின்றுபோயிற்று.

லட்சக்கணக்கானவர்கள் மாண்டபிறகு, 1988 ஆகஸ்டு 20-ந்தேதி போர் ஓய்ந்தது.

சதாமின் கடிதம்

1990 ஆகஸ்டில் சதாம் குவைத்தைப் பிடித்தார். உலகமே எதிர்த்தது. அங்கே நிறுத்தப் படை வேண்டியிருந்தது. ஈரானுக்குக் கடிதம் எழுதினார்: 1975 உடன்பாட்டுக்குச் சம்மதம், ஈரான் மண்ணில் இருக்கும் படையைத் திருப்பி அழைத்துக்கொள்கிறேன்.

போர்க்கைதிகளில் சிலர் 2003-ல்தான் ஊர் திரும்பினார்கள்.