பரிசும் பருவமும்

சென்ற கோடையில், மாலை வேளைகளில் பாடம் சொல்லித்தர வேண்டுமென்று ஒரு தனிப்பயிற்சிக் கூடத்தார் என்னை அழைத்தனர். ஊதியம் குறைவன்று, ஆயினும் மறுத்துவிட்டேன். "தாத்தா, உங்களுக்குப் பணம் கசந்துவிட்டதா?" என்று பேரன் கேட்டான். இளமையில், மாதம் இருபது ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும் என்பதற்காகவே பெற்றோரைப் பிரிந்து வெளியூர் வேலைக்குப் போனவன் நான். எனவே அவன் கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியவில்லை.

மன இயல் அறிஞர்கள் இதனைச் சோதனைச்சாலைக்கே கொண்டு சென்றிருக்கிறார்கள். மூளையின் இரத்த ஓட்டத்தைக் காட்டும் கருவிக்குள் ஒருவரைப் படுக்கவைத்து, ஒரு குறி தோன்றியவுடன் பொத்தானை அழுத்தச் சொல்வர். விரைந்து அழுத்தினால் சில வேளை பணம் உண்டு. சில வேளை புன்னகை பூத்த முகமொன்றின் படம் மட்டுமே உண்டு. எது கிடைக்கும் என்பது முன்னரே அறிவிக்கப்படும். அதை எதிர்நோக்கும் கணத்தில் மூளையின் ஆழத்திலுள்ள ஒரு சிறு பகுதி கிளர்ச்சியுறும். 2014-இல் ஜெர்மானிய ஆய்வாளர் வெளியிட்ட முடிவின்படி, அப்பகுதி இளையோரிடம் பணத்துக்கும், முதியோரிடம் புன்னகைக்கும் மிகுதியாகக் கிளர்ந்தது.

இதனால் முதியோருக்குப் பண ஆசை அற்றுவிடுகிறது என்று முடிவு கட்டலாகாது. அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் 2007-இல் கண்டது இது: பணம் வரும் என்னும்போது முதியோரும் இளையோரைப் போலவே கிளர்ச்சியுற்றனர், போகும் என்னும்போதுதான் இளையோர் அளவுக்குக் கலங்கவில்லை.

இளையோர்தாம் பிறர் மதிப்பைப் பொருட்படுத்தாதவர்களா? மாணவ நண்பர்களே, உங்களுக்கே தெரியும்! 2005-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கார் ஓட்டும் விளையாட்டொன்றை ஆடிய 13 முதல் 16 வயது வரையினர், தனித்து ஆடியபோதைவிட நண்பர் சூழ ஆடியபோது மிகுதியாகத் துணிந்தனர். 24 வயது கடந்தோரிடம் அவ்வேறுபாடு காணப்படவில்லை. ஆக, மக்கள் தரும் பரிசை எல்லாப் பருவத்தினரும் நாடுகின்றனர். யாரிடமிருந்து நாடுகிறோம் என்பதே மாறுகிறது.

ஏன் மாறுகிறது? லாரா கார்ஸ்டென்சன் என்னும் அறிஞர், காரணம் கழிந்த ஆண்டுகள் அல்ல, எஞ்சியதாக நாம் எண்ணும் காலமே என்கிறார். "உங்களுக்கு அரைமணி ஓய்வு கிடைக்கிறது, யாருடன் கழிப்பீர்கள்?" என்று கேட்டால் முதியோர் பெரும்பாலும் நெருங்கிய உறவினரைச் சொல்வர். இளையோரோ புதிய மனிதரையும் விரும்புவர். இந்த வேற்றுமை ஹாங்காங்கில் ஒரு சமயம் மறைந்தே போயிற்று. 1997 ஜூலை 1-இல் அந்நகரம் பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்து சீனாவின் வசம் வரவிருந்தது. பழகிய வாழ்வு ஒன்று முடியப்போகிறது என்ற எண்ணம் எங்கும் பரவியிருந்தது. அந்நாள் நெருங்கியபோது இளையோரும் முதியோரைப் போலவே நெருங்கியவரைத் தேர்ந்தனர். நாள் கடந்து ஓராண்டு சென்றபின் பழைய வேற்றுமை திரும்பிவிட்டது. இடையில் அவர்களுடைய வயதா ஏறி இறங்கிற்று?

அவ்வாய்வாளரே அமெரிக்க முதியோரிடம், மருத்துவத்தின் புதிய முன்னேற்றத்தால் இன்னும் இருபது ஆண்டுகள் நலமாக வாழ்வதாகக் கற்பனை செய்துகொள்ளச் சொன்னார்கள். உடனே அவர்களுடைய விருப்பம் இளையோர் விருப்பத்தை ஒத்துவிட்டது.

இதையெல்லாம் பேரனிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இருபது ஆண்டு உறுதி என்றால் அந்தக் கூடத்துக்குப் போயிருப்பீர்களா, தாத்தா?" என்றான். போயிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.