துணைக்கு வரமாட்டேன் என்றேன்!

நாத்தனார் மகளுக்கு வயது 22. வரன் பார்க்க ஆரம்பித்ததும், "கல்யாணம் வேண்டாம், என் தோழியோடதான் வாழ்வேன்" என்று ஒரே அழுகை. "மதுரையில ஒரு டாக்டர் மருந்து கொடுத்து மாத்திடுவாராம். துணைக்கு வாங்க மதினி" என்றார் நாத்தனார். நானும் கிளம்பிவிட்டேன்.

வழிமறித்தவள், கல்லூரியில் மனோதத்துவம் படிக்கும் என் மகள். அமெரிக்காவில் ஈவ்லின் ஹூக்கர் என்ற பெண்மணி 1957-ல் வெளியிட்ட ஆராய்ச்சியைச் சொன்னாள். ஆண்களையே விரும்பும் ஆண்கள் 30 பேர், மற்ற ஆண்கள் 30 பேர். அவர்களுக்கு மனநலச் சோதனை வைத்து, யார் எவர் என்பதை மறைத்து, நிபுணர்கள் மூவரிடம் கொடுத்தாராம். அவர்களால் பிரித்துச் சொல்லவே முடியவில்லையாம்! உலக சுகாதார நிறுவனமும் 1990-லேயே இதை நோய்ப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டதாம்.

"அதெல்லாம் வெளிநாட்டு சமாசாரம்டி" என்றேன். "2021-ல சென்னை ஐகோர்ட்டுக்குப் போன ரெண்டு பொண்ணுங்களும் நம்ம மதுரைக்காரங்கதாம்மா" என்றாள். அந்த வழக்கில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், விஷயம் தனக்கே சரியாகப் புரியவில்லை என்று மனநல ஆலோசகரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு, இப்படி 'மாற்றும்' வைத்தியத்துக்கே தடை போட்டாராம். நான் எதையும் கேட்காமல் பஸ் ஏறப் பார்த்தேனே!

வரமுடியாது என்று சொன்னதில் இருந்து நாத்தனார் என்னோடு பேசுவதில்லை. அந்தப் பெண் மட்டும், "அத்தை" என்று வீட்டுக்கு வந்து போகிறாள்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பேரையூர்.