விண்வெளிக் கப்பலில் வந்த அரக்கன்!

ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி ஒரு தீவு. அங்கே ஓர் அரக்கன். அவன் ராஜகுமாரியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சிறை வைக்கிறான். அவளைத் தேடி ராஜகுமாரன் புறப்படுகிறான். இந்தக் கதையைக் கேட்காமல் வளர்ந்த தமிழ்க் குழந்தை உண்டா?

இதே கதைக்குப் புதுச் சட்டை போட்டது போல, 1963-ம் ஆண்டில் ஒரு தமிழ்ப் படம் வந்தது. அதன் பெயர் "கலை அரசி". எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்தார்கள். ஏ.காசிலிங்கம் டைரக்ட் செய்தார்.

பாட்டு இல்லாத உலகம்

வானத்தில் வேறோர் உலகம். அங்கே விஞ்ஞானம் நன்றாக வளர்ந்திருக்கிறது. ஆனால் பாட்டும் கலையும் வளரவில்லை. பூமியிலிருந்து ஒரு பாடகியைக் கொண்டுவர ஆள் அனுப்புகிறார்கள். அந்த ஆள்தான் நம்பியார்! வாணி என்ற பெண்ணை அவர் கடத்திச் செல்கிறார். காதலன் மோகன் அந்த உலகத்துக்கே போய் அவளை மீட்கிறான்.

அரக்கனுக்குப் பதில் வேற்று உலகத்து மனிதன். ஏழு கடலுக்குப் பதில் ஆகாயம். ஒரே ஒரு வித்தியாசம் உண்டு. பழைய அரக்கன் ராஜகுமாரியின் அழகைக் கண்டு மயங்கினான். இவர்களோ பாட்டுக்கு ஏங்கினார்கள். எத்தனை இயந்திரம் இருந்தாலும், பாட்டு இல்லாவிட்டால் வாழ்வில் குறைதான் என்பது படம் சொன்ன சேதி.

அதிசயங்களின் காலம்

அந்த நாட்களில் தினம் ஓர் அதிசயம் நடந்தது. 1961-ல் ரஷ்ய வீரர் ககாரின் விண்வெளிக்குப் போய்த் திரும்பினார். 1962-ல், காடாம்புலியூர் முந்திரித் தோப்புகளுக்குப் பக்கத்தில், நெய்வேலியில், மண்ணுக்குள் கிடந்த பழுப்பு நிலக்கரி மின்சாரமாக மாறியது.

"கலை அரசி" 1963 ஏப்ரலில் வெளிவந்தது. இரண்டே மாதத்தில் ஒரு பெண் உண்மையாகவே விண்வெளிக்குப் போனார். அவர் ரஷ்யாவின் வாலண்டினா தெரஷ்கோவா. ஜவுளி ஆலையில் வேலை பார்த்தவர். அவரை எந்த அரக்கனும் தூக்கிப் போகவில்லை. தாமே போனார். பூமியை 48 தடவை சுற்றிவிட்டுத் திரும்பினார்.

அதே ஆண்டு நவம்பரில், கேரளத்துத் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் சீறிப் பாய்ந்தது.

பாட்டும் போயிற்று!

விண்வெளியில் வாய்விட்டுப் பாடினால் யாருக்கும் கேட்காது. ஒலியைச் சுமந்து செல்ல அங்கே காற்று இல்லை. ஆகவே விஞ்ஞானிகள் பாட்டை இசைத்தட்டில் பதித்து அனுப்பினார்கள்.

1977-ம் ஆண்டில் அமெரிக்கா இரண்டு வாயேஜர் கலங்களை ஏவியது. ஒவ்வொன்றிலும் தங்க முலாம் பூசிய ஒரு செம்புத் தட்டு. பல நாட்டு இசை அதில் இருக்கிறது. நம் நாட்டுப் பாட்டும் ஒன்று உண்டு. பாடியவர் கோவாவில் பிறந்த கேசர்பாய் கேர்கர் என்ற அம்மையார்.

2012-ல் முதல் வாயேஜர், நட்சத்திரங்களுக்கு நடுவே உள்ள வெளியை எட்டியது. வேற்று உலகத்தார் எங்காவது இருந்து, அந்தத் தட்டு அவர்கள் கையில் கிடைத்தால், பாடகியைத் தூக்கிப் போக வேண்டியதில்லை. உட்கார்ந்த இடத்திலேயே பாட்டைக் கேட்கலாம்!